மூன்று பத்துக்கு ஒரு கையசைவு

படிவத்தில் பெயர் சிப்போரா லூவும்.
வயது முப்பத்து நான்கு. ஊர் மணிப்பூர் மலையில் எங்கோ.
மதம் என்ற கட்டத்தில் யூதர் என்று எழுதி,
பேனா பிடிக்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ,
அதன் மேலேயே இன்னொரு முறை எழுதியிருந்தாள்.

வலிப்பு தூக்கத்தில்தான் வருகிறதாம்.
தூங்கவைத்துப் பார்க்க வேண்டும். அது என் வேலை.
பதினோரு வருடமாகக் காட்பாடியிலிருந்து
கடைசி டவுன் பஸ் பிடித்து வந்து
பிறர் தூங்குவதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.

துணியை எடுக்கணும்மா என்றேன், என் ஆஸ்பத்திரி இந்தியில்.
கத்திரி வெயில். இரவு ஒன்பதுக்கும் சுவர் சுட்டது.
கருநீலத் துணி, நெற்றியோடு இறுக்கி,
பிடரியில் இரண்டு முடிச்சு.
அவள் கூரை மூலையில் இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.
அது யார் பார்ப்பது?
நான். காலையில் டாக்டர்.
நான் தூங்கின பிறகுமா?
தூங்கின பிறகுதானேம்மா பார்க்கணும்.

எங்கள் வீட்டில் தலையை விரித்துப் படுத்தால்
மூதேவி என்பார் மாமியார்.
நான் ஈரத்தலையோடு விரித்துத்தான் படுக்கிறேன்.
அதனால் சும்மா கேட்டேன்,
கல்யாணம் ஆனதிலிருந்து தூக்கத்திலும் இப்படியா?

இல்லை என்றாள்.
எங்களில் எல்லாரும் இப்படி இல்லை.
என் அக்கா கதவைச் சாத்தியதும் அவிழ்த்து எறிவாள்.
நானும் அப்படித்தான்,
ஓபேத் மட்டும் இருக்கும் அறையில் எதற்கு என்று.
பிறகு ஒரு மே மாத இரவு தட்டி எழுப்பினார்கள்.
பக்கத்துத் தெரு வரை நெருப்பு வந்திருந்தது.
பிள்ளையைத் தூக்க நேரம் இருந்தது,
துணி தேட இல்லை.
பள்ளிக்கூட ஹாலில் இருநூறு பேர். இரண்டு நாள்.
கையாலேயே தலையை மூடிக்கொண்டு.
வீடு போனதைவிட, என்று தொடங்கி
என் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.
அதிலிருந்துதான் இப்படி.
வேதம் இவ்வளவு கேட்கவில்லை, எனக்குத் தெரியும் என்றாள்.

ஜெகதீசனை டீ வாங்க அனுப்பினேன்,
பாபுராவ் தெருக் கோடிக் கடையில்தான் நன்றாயிருக்கும் என்று சொல்லி.
கதவைத் தாழிட்டேன்.
ஸ்டூல் போட்டு ஏறி
கேமராவின் முகத்தில் என் கைக்குட்டையைத் தொங்கவிட்டேன்.
பதிவேட்டில் எழுதினேன்: கருவி சரிபார்ப்பு, பத்து நிமிடம்.
நாற்பது ஆனது.
நாடா, சிவப்புப் பென்சில், வகிடு வகிடாய்ப் பிரித்து
ஒவ்வொரு புள்ளியிலும் வெள்ளைப் பசை,
இருபத்தொரு கம்பி.
அவள் கண்ணை மூடியே வைத்திருந்தாள்,
அவள் பார்க்காதவரை நானும் பார்க்கவில்லை என்பதுபோல.
கம்பிகளின் மேல் காஸ் சுற்றினேன்.
அதன் மேல் அவளே நீலத்தைக் கட்டினாள்.
முடிச்சு ஒன்றுதான், கம்பிக்கு வழி விட்டு.

தூங்கினாள்.
பக்கத்து அறையில் என் திரையில் அவள் மண்டைக்குள் நடப்பதெல்லாம் ஓடியது.
சின்னச் சின்ன மேடுகள், பிறகு பெரிய சோம்பல் அலைகள்.
மூடியிருந்த அந்தத் துணிக்குக் கீழே, முடிக்கும் கீழே,
எலும்புக்கும் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்கு அவள் ஆட்சேபிக்கவில்லை.

மூன்று பத்துக்கு எல்லாக் கோடுகளும் ஒரேயடியாய்க் கறுத்தன.
வந்துவிட்டது என்று எழுந்து ஓடினேன்.
வலிப்பு இல்லை.
தூக்கத்திலேயே வலது கை மேலே போய்
நெற்றி, காது, பிடரி தடவி
துணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
மார்பில் வந்து விழுந்தது.
நான் வாசலிலேயே நின்றேன்.
கோடுகள் வெளுத்து அடங்கச் சிறிது நேரமானது.

காலையில் டாக்டர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.
இது என்ன?
கையசைவு டாக்டர், தலையைத் தொட்டார்.
ஏன்?
அதற்குக் கட்டம் இல்லை.

பசை போக வெந்நீர் வேண்டுமென்றாள்,
ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் இரண்டு கொடுத்தேன்.
குளியலறைக் கதவு சாத்தியாயிற்று.
டீ கொண்டுவந்த ஜெகதீசன் கேட்டான்,
அக்கா, அந்தம்மாவுக்கு முடி நீளமா?

மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து
பிடரி மேடு வரை முப்பத்தைந்தரை சென்டிமீட்டர்.
அவ்வளவுதான்டா எனக்குத் தெரியும்.